ஜார்ஜ்டவுன்: மூன்று நாள் தங்கலாமா, விமானம் மாறிப் போய்விடலாமா?

நெய்தல்நாடன்:

கரீபியன் பயணம் என்று யார் கேட்டாலும் பார்படோஸ், அரூபா, ஜமைக்கா என்றுதான் பதில் வருகிறது. கயானாவுக்குப் போகிறவர்கள்கூட தலைநகர் ஜார்ஜ்டவுனை ஓர் இரவு படுத்து எழுந்திருக்கும் இடமாக வைத்துக்கொண்டு, மறுநாள் காலையில் கயட்டூர் அருவிக்குச் சின்ன விமானம் ஏறிவிடுகிறார்கள். அந்த ஊருக்குக் குறைந்தது மூன்று நாள் கொடுக்க வேண்டும் என்பது என் கட்சி. எதிர்ப்பவர்கள் வரலாம்.

முதல் காரணம் மரம். கடல் ஏற்றத்தின்போது நீர்மட்டத்துக்குக் கீழே கிடக்கும் களிமண் பூமி அது. கல் கட்டடத்தின் பாரத்தை எளிதில் தாங்காது. செயின்ட் ஜார்ஜ் தேவாலயத்துக்கு முன்பிருந்த செங்கல் தேவாலயம் பாரத்தால் விரிசல் விட்டு இடிக்கப்பட்டது. அதனால்தான் 1892இல் திறந்த இப்போதைய தேவாலயத்தைப் பெரும்பாலும் மரத்தாலேயே எழுப்பினார்கள். ஆர்தர் புளோம்ஃபீல்ட் வடிவமைத்தது, 43 மீட்டருக்குச் சற்று மேல் உயரம். வெளியே நின்று படம் எடுத்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். உள்ளே போய் அண்ணாந்து பார்த்தால்தான் உத்தரங்கள் எப்படிப் பொருந்தி நிற்கின்றன என்பது புரியும்.

நடக்க வேண்டிய பாதை ஒன்றே போதும். காலை 7 மணிக்கு ஸ்டாப்ரூக் சந்தை. 1881இல் முடிந்த இரும்புக் கட்டடம், மணிக்கூண்டோடு ஆற்றோரம் நிற்கிறது. அங்கிருந்து அவென்யூ ஆஃப் தி ரிபப்ளிக் வழியாக வடக்கே போனால் 1889ஆம் ஆண்டு நகர மன்றம், அடுத்து தேவாலயம், பிறகு மெயின் ஸ்ட்ரீட். இந்தத் தெருவின் நடுவில் மரநிழலில் ஒரு நடைபாதை ஓடுகிறதே, அது தூர்த்து மூடப்பட்ட பழைய கால்வாய். நேரே போனால் உமானா யானா என்ற ஓலைக்கூரைக் கூடம், கலங்கரை விளக்கம், கடல் சுவர். மொத்தமே இரண்டு, இரண்டரை கிலோமீட்டர்தான். பத்து மணிக்குள் முடித்துவிடுங்கள், அதற்கு மேல் வெயில் சுட்டெடுக்கும்.

வழியில் பழைய வீடுகளின் ஜன்னலைக் கவனியுங்கள். மேலே கீல் வைத்து வெளிப்பக்கம் சாய்ந்து நிற்கும் பலகைச் சட்டம், பக்கவாட்டில் துளையிட்ட மரம். டெமராரா ஜன்னல் என்பார்கள். மழைச்சாரல் உள்ளே வராது, காற்று வரும். வீடு முழுக்கத் தூண்மேல் நிற்கும். கீழே வெள்ளம் வந்தாலும் குடும்பம் மேலே நிம்மதியாக இருக்கும்.

கட்டுமூட்டை:

அண்ணே, படிக்க நல்லா இருக்கு. ஆனா "கடற்கரை நகரம்"னு நம்பி ஒருத்தர் நீச்சல் உடுப்பு எடுத்துக்கிட்டுப் போனா என்ன ஆகும்னு நீங்க சொல்லலையே. கடல் டீத்தண்ணி நிறத்தில் இருக்கும். மணல் கிடையாது, முழங்கால் புதையுற சேறுதான். குளிக்கவும் முடியாது, கால் நனைக்கவும் முடியாது.

இரண்டாவது, அது கரீபியன் கடலிலேயே இல்லை. அட்லாண்டிக் கரை அது, தென்னமெரிக்கப் பெருநிலம்.

மூன்றாவது, விலை. 2015இல் கடலுக்குள் எண்ணெய் கண்டுபிடிச்சாங்க, 2019 டிசம்பரில் எடுக்க ஆரம்பிச்சாங்க. அதுக்கப்புறம் நல்ல ஓட்டல் அறையெல்லாம் எண்ணெய்க் கம்பெனிக்காரங்க கணக்கில்தான் ஓடுது. சுற்றுலாவாசி போனா அதே விலையைத் தரணும், ஆனா சுற்றுலா ஊருக்கு உரிய வசதி எதுவும் கிடைக்காது. குழாய்த் தண்ணி செம்பழுப்பா வரும், மின்சாரம் அடிக்கடி போகும். சாக்கடையில பிளாஸ்டிக் பாட்டில் மிதக்கும். இதுக்கு மூணு நாளா? மரக் கட்டடம்தான் வேணும்னா பக்கத்து நாடான சுரினாமின் தலைநகர் பரமாரிபோவுக்குப் போங்க. 2002லேயே யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த ஊர். ஜார்ஜ்டவுன் இன்னும் உத்தேசப் பட்டியலிலேயே உட்கார்ந்திருக்கு.

மதகுக்காரன்:

கட்டுமூட்டை சொன்ன சேறும் சாக்கடையும் உண்மைதான். அந்த ஊரில் பார்க்க வேண்டியதே அதுதான் என்பேன்.

கடல் ஏன் பழுப்பு? அமேசான் ஆறு கொண்டுவந்து கொட்டும் மெல்லிய வண்டல் நீரோட்டத்தோடு வடமேற்காக நகர்ந்து கயானா கரையோரம் பெரிய சேற்றுத் திட்டுகளாகப் படிகிறது. திட்டுகள் ஒரே இடத்தில் நிற்பதில்லை, ஆண்டுக்கு ஒரு கிலோமீட்டருக்கு மேல் கரையோரமாகவே ஊர்ந்து போகின்றன. திட்டு இருக்கும் இடத்தில் அலையின் வேகம் சேற்றிலேயே அடங்கிப்போகும், அதனால் கரை பத்திரம், அலையாத்தி மரம் முளைக்கும். திட்டு நகர்ந்ததும் அதே கரையில் அலை சுவரை நேராக அறையும். ஐந்து வருடம் முன்பு எடுத்த படத்தில் சேறும் செடியுமாக இருந்த இடம் இப்போது வெறும் தண்ணீராக இருப்பது இதனால்தான்.

சுவர் கட்டத் தொடங்கியது 1855இல், முடிந்தது 1892இல். நாட்டின் கரையோரம் சுமார் 280 மைலுக்கு இந்தத் தடுப்பு ஓடுகிறது. கடலைச் சுவர் தடுத்துவிட்டது, சரி. ஊருக்குள் பெய்யும் மழையை வெளியேற்றுவது யார்? அதற்குத்தான் கோக்கர். டச்சுக்காரர் விட்டுப்போன பெயர், நம் ஊர் மதகுதான். ஆனால் ஏரி மதகு மாதிரி நினைத்தபோது திறக்க முடியாது.

ஊருக்குள் தெருவுக்குத் தெரு திறந்த வாய்க்கால், அது பெரிய கால்வாயில் சேரும், கால்வாய் ஆற்றையோ கடலையோ தொடும் முனையில் கோக்கர். இரண்டு தூணுக்கு நடுவே கனத்த பலகைக் கதவு தொங்கும், மேலே அதைத் தூக்கும் உருளையும் சங்கிலியும். கிரீன்ஹார்ட் என்ற உள்ளூர் மரத்தை இதற்கெல்லாம் பயன்படுத்துவார்கள். தண்ணீரில் போட்டால் மூழ்கும் அளவுக்குக் கனம், கடற்புழு எளிதில் அரிக்காது. கடல் வற்றும்போது வெளிமட்டம் கால்வாய் மட்டத்துக்குக் கீழே இறங்கும், அப்போது கதவைத் தூக்கினால் தண்ணீர் தானாக வெளியே ஓடும். ஏற்றம் தொடங்கும் முன் இறக்கிவிட வேண்டும். நாளுக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம், ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். கதவைப் பார்த்துக்கொள்பவர் நடுச்சாமத்திலும் எழுந்து போக வேண்டியிருப்பது இந்தக் கணக்கால்தான். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் சுமார் இரண்டரை மீட்டர் வித்தியாசம் வரும்.

எங்கே சொதப்பும்? நான்கு இடத்தில். மழையும் ஏற்றமும் ஒரே நேரத்தில் வந்தால் கதவைத் திறக்க முடியாது, அப்போது மோட்டார் பம்பு மட்டுமே கதி. கதவுக்கு வெளியே சேறு மேடிட்டால் வற்றத்திலும் தண்ணீர் ஓடாது. வாய்க்காலில் குப்பை அடைத்தால் மதகு வரைக்குமே தண்ணீர் வந்து சேராது. கதவின் அடிப்பலகை இற்றுப்போனால் ஏற்றத்தில் கடல் உள்ளே கசியும். 2005 ஜனவரியில் பேய்மழையோடு ஊருக்குப் பின்னாலிருந்த நீர்த்தேக்கக் கரையும் நிரம்பி வழிந்து, கிழக்குக் கரைக் கிராமங்கள் வாரக்கணக்கில் தண்ணீரில் கிடந்தன.

இதைப் பார்க்க டிக்கெட் கிடையாது. அன்றைய வற்ற நேரத்தைக் கைப்பேசியில் பார்த்துக்கொண்டு, ஏதாவது ஒரு கோக்கருக்கு வற்றத்துக்கு ஒரு மணி நேரம் முன்பு போய் நில்லுங்கள். மறுபடி ஏற்றத்தில் அதே இடத்துக்கு வந்து கடல் சுவர்மேல் ஏறினால், ஒரு பக்கம் கடல், மறு பக்கம் அதைவிடத் தாழ்ந்த தெரு. அருவி பார்க்கப் போகிற யாரும் இதைப் பார்க்காமல் திரும்புவது எனக்குப் புரியாத விஷயம்.

கட்டுமூட்டை:

மதகு சார், விளக்கம் பிரமாதம், ஒத்துக்கறேன். ஆனா பொதுப்பணித் துறை ஆசாமிக்கு அது சுற்றுலா. குழந்தைகளோட போகிறவங்களுக்கு? வற்றத்தில் போய்ச் சேற்று நாற்றம் பிடிச்சிக்கிட்டு வர்றதுக்கு ஒன்றரை நாள் பறந்து போகணுமா?

வரப்பு:

குழந்தைகளுக்கா? தேசியப் பூங்காக் குளத்துக்குக் கூட்டிப் போங்கள். ஒரு பிடி புல்லோடு கரையில் உட்கார்ந்தால் கடல்பசு தலை தூக்கி வந்து கையிலிருந்து தின்னும். இலவசம். வெயில் தாழ்ந்த மாலை நேரம் நல்லது. ரொட்டி, பிஸ்கட் போடக் கூடாது.

தாவரவியல் பூங்காவில் ஆறடி விட்டம் வரை வளரும் ராட்சத அல்லி இலைகள் இருக்கின்றன. பறவை பார்ப்பவர்கள் காலை 6 மணிக்கே உள்ளே போய்விடுவார்கள். கயானா, சுரினாம், பிரெஞ்சு கயானா கரையோரத்தை விட்டு வேறெங்கும் பெரிதாகத் தென்படாத இரத்தச்சிவப்பு மரங்கொத்தி ஊருக்கு நடுவில் இந்தப் பூங்காவிலேயே கிடைக்கும். தேசியப் பறவையான ஹோட்ஸின் வேண்டுமென்றால் மஹாய்கா ஆற்றுக்குப் போக வேண்டும், கிழக்கே ஒரு மணி நேரப் பயணம். இலை தின்னும் பறவை அது. மாட்டுக்குப் போல தீனி உள்ளே நொதிக்கும், கிட்டே போனால் சாணி வாடை. படகை விடிகாலைக்கே சொல்லிவைக்க வேண்டும். வெயில் ஏறினால் புதருக்குள் பதுங்கிவிடும்.

ஸ்கோர்பலகை:

"கரீபியன் இல்லை" என்ற வாதத்துக்கு ஒரு வரி. கரீபியன் நாடுகளின் கூட்டமைப்பான காரிகாமின் தலைமைச் செயலகமே ஜார்ஜ்டவுனில்தான் இருக்கிறது. வெஸ்ட் இண்டீஸ் தன் முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்றதும் அங்கேதான். 1930, இங்கிலாந்துக்கு எதிராக, போர்டா மைதானம், ஹெட்லி இரண்டு இன்னிங்ஸிலும் சதம்.

போர்டாவைச் சுற்றி அகழி மாதிரி ஒரு கால்வாய் ஓடும். அதுவும் மதகுக்காரர் சொன்ன வடிகால் கணக்குதான், மைதானம் கடல்மட்டத்துக்குக் கீழே. 2005க்குப் பிறகு அங்கே டெஸ்ட் கிடையாது. 2007 உலகக் கோப்பைக்காக இந்திய உதவியோடு கட்டிய பிராவிடன்ஸ் மைதானத்துக்கு எல்லாம் போய்விட்டது. 2024 ஜூன் 27 டி20 உலகக் கோப்பை அரையிறுதியில் இந்தியா இங்கிலாந்தை 68 ரன் வித்தியாசத்தில் வென்றது அந்த மைதானத்தில்தான். ஜூன் என்றால் அங்கே பெருமழைக் காலம். ஆட்டத்துக்காகப் போகிறவர்கள் மழை இடைவேளைக்கும் சேர்த்து நேரம் ஒதுக்குங்கள்.

கட்டுமூட்டை:

சரி, கரீபியன் வாதத்தை வாபஸ் வாங்கிக்கறேன். விலை அப்படியே நிக்குது, பாதுகாப்பைப் பத்தி யாரும் இன்னும் பேசவே இல்லை.

அஞ்சறைப்பெட்டி:

சாப்பாட்டை விட்டுவிட்டு ஊரை எடை போடுகிறீர்களே!

பெப்பர்பாட் என்று ஒரு கறி, கிறிஸ்துமஸ் காலையில் வீட்டுக்கு வீடு இருக்கும். அதன் உயிர் கசரீப். கசப்பு மரவள்ளியைத் துருவி, மட்டாப்பி என்ற நீண்ட பின்னல் குழாயில் திணித்துத் தொங்கவிட்டு இழுத்துப் பிழிவார்கள். அந்தப் பச்சைச் சாறு விஷம், சயனைடு சேர்ந்தது. நன்றாகக் கொதிக்கக் கொதிக்க விஷம் ஆவியாகி, சாறு கரும்பாகு போலக் கறுத்துக் கெட்டியாகிவிடும். அதை ஊற்றி மாட்டிறைச்சி, மாட்டுக்கால், பன்றி, பட்டை, கிராம்பு, மிளகாய் எல்லாம் மணிக்கணக்கில் வேகவைப்பார்கள். தினமும் ஒருமுறை கொதிக்கவைத்தால் பல நாள் கெடாது. கெடுவது எப்போது என்றால், ஒருவேளை சூடு காட்டத் தவறினாலோ எச்சில் கரண்டியை உள்ளே விட்டாலோ. ஓட்டலில் சாப்பிடுவதாக இருந்தால் சூடு பறக்க வருகிறதா என்று பாருங்கள்.

சைவக்காரர்களுக்கும் கவலை இல்லை. பருப்பு பூரணம் வைத்த தால்பூரி, உதறி உதறி அடித்து மடிப்பு மடிப்பாக எடுக்கும் ரொட்டி, பருப்பு மாவு உருண்டையான புலூரி, இவை தெருவுக்குத் தெரு உண்டு. இந்து வீட்டு விசேஷத்தில் தாமரை இனத்து இலையில் சோற்றைப் போட்டு ஏழு கறி ஊற்றுவார்கள். பூசணி, கடலை உருளை, மாங்காய், கீரை எல்லாம் அதில் வரும். போர்டா சந்தையில் காய் வாங்கிப் பாருங்கள், நம் தட்டைக்காய் அங்கே 'போரா', பாகற்காய் 'கரில்லா', முருங்கை 'சைஜன்'. பழத்துக்கும் காய்க்கும் போர்டா சந்தைதான். ஸ்டாப்ரூக்கில் நெரிசல் அதிகம், பேரம் பேசுகிற நேரத்தில் பை காணாமல் போகும்.

சனிக்கிழமை காலை போங்கள். ஞாயிறு பாதிக் கடை மூடியிருக்கும்.

கட்டுமூட்டை:

பை காணாமல் போகும்னு அக்காவே சொல்லிட்டாங்க, எனக்கு வேலை மிச்சம்.

நெய்தல்நாடன்:

பாதுகாப்பு பற்றிப் பூசி மெழுகாமல் சொல்கிறேன். பகலில் நான் மேலே சொன்ன பாதை சரி. இருட்டிய பிறகு ஸ்டாப்ரூக் சந்தைச் சுற்றுப்புறம், அதற்கு வடக்கே ஆற்றோரத்து டைகர் பே, தெற்கே ஆல்பாய்ஸ்டவுன், இந்த மூன்றிலும் நடக்கக் கூடாது. கடல் சுவர் ஞாயிறு மாலை ஊரே கூடும் இடம், பாட்டும் தீனியுமாக இருக்கும், அப்போது பயமில்லை. அதே சுவரில் வாரநாள் இரவு ஆளில்லாத பகுதிக்குத் தனியாகப் போவது வம்பை விலைக்கு வாங்குவது. கழுத்துச் சங்கிலியை ஊரிலேயே விட்டுவிட்டுப் போங்கள். தங்கம் என்றால் அங்கேயும் கண் போகும்.

டாக்சி என்றால் எண் பலகை 'எச்' என்ற எழுத்தில் தொடங்க வேண்டும், வாடகை வண்டிக்கு அதுதான் அடையாளம். கையைக் காட்டி நிறுத்துவதைவிட ஓட்டலிலிருந்து கூப்பிடச் சொல்லுங்கள். மீட்டர் கிடையாது, ஏறும் முன் கட்டணம் பேசிவிட வேண்டும். விமான நிலையத்திலிருந்து ஊருக்கு 41 கிலோமீட்டர், 25 அமெரிக்க டாலருக்குக் குறையாது. பகலில், சின்ன மூட்டையோடு வந்தால் 42ஆம் எண் மினிபஸ் மிக மலிவு. நள்ளிரவு விமானத்துக்கு அதை நம்பாதீர்கள்.

மற்ற மினிபஸ் எண்களும் மனதில் இருக்கட்டும். 40 கிட்டி பக்கம், 44 கிழக்குக் கரையோரம் மஹாய்கா வரை, 32 ஆற்றைத் தாண்டிப் பரிக்கா. ஓட்டுநரும் பாட்டுச் சத்தமும் பேயாட்டம் ஆடும், அது தனி அனுபவம்.

பணம்: ஒரு அமெரிக்க டாலருக்கு 200க்குச் சற்று மேல் கயானா டாலர். வெளிநாட்டு அட்டையை எல்லா இயந்திரமும் ஏற்காது, சந்தையிலும் மினிபஸ்ஸிலும் ரொக்கம்தான். மின்சாரம் பெரும்பாலும் 110 வோல்ட், தட்டைக் கம்பிச் சாக்கெட். கைப்பேசிச் சார்ஜர் ஓடும். ஊரிலிருந்து கொண்டுபோகும் 230 வோல்ட் கெண்டியும் இஸ்திரிப் பெட்டியும் சரியாகச் சூடேறாது.

வழித்துணை:

இவ்வளவு பேசியும் பெரிய இடறலை யாரும் சொல்லவில்லை. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி.

இந்தியாவின் மஞ்சள் காய்ச்சல் பட்டியலில் கயானா இருக்கிறது. அங்கிருந்து கிளம்பி ஆறு நாளுக்குள் இந்தியாவில் இறங்கினால், இந்தியக் குடிமகனாக இருந்தாலும் தடுப்பூசிச் சான்றிதழான மஞ்சள் அட்டையைக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தி வைப்பார்கள். ஊசி போட்ட பத்தாவது நாளுக்குப் பிறகுதான் சான்றிதழ் செல்லும், அதனால் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு போட்டால் பயனில்லை. ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் போதும். சென்னையில் கிண்டி கிங் நிலையத்தில் போடுகிறார்கள். குறிப்பிட்ட நாள்களில்தான் போடுவார்கள், முன்பதிவைக் கேட்டுக்கொண்டு போங்கள். கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், முட்டை ஒவ்வாமை உள்ளவர்கள் மருத்துவரிடம் பேசாமல் போடக் கூடாது.

அடுத்து விசா. கயானாவுக்கு முன்கூட்டியே வாங்க வேண்டும், சரி. பலர் மாட்டுவது இடைவழியில். மயாமி, நியூயார்க் வழி என்றால் விமானம் மாறுவதற்கே அமெரிக்க விசா வேண்டும். டொராண்டோ என்றால் கனடாவுடையது. லண்டன் வழி என்றால் ஜார்ஜ்டவுன் விமானம் கேட்விக்கிலிருந்து கிளம்பும், சென்னை விமானம் ஹீத்ரோவில் இறங்கும். இரண்டுக்கும் நடுவே ஊருக்குள் வந்தாக வேண்டும், பிரிட்டன் விசா இல்லாமல் அது நடக்காது. டிக்கெட் மலிவாக இருக்கிறதே என்று இரண்டு தனிப் பதிவாக எடுத்தவர்களைக் கவுண்டரிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

மேகமூட்டம்:

கயட்டூரைப் பற்றி எல்லாரும் எளிதாகப் பேசுகிறார்கள். ஜார்ஜ்டவுனில் ஏன் கூடுதல் நாள் வைக்க வேண்டும் என்பதற்கு அந்த அருவியே காரணம்.

226 மீட்டர், ஒரே வீழ்ச்சி. போகிற விமானம் பன்னிரண்டு பதிமூன்று பேர் உட்காரும் ஒற்றை இன்ஜின் வண்டி. ஒன்று, குறைந்தபட்ச ஆள் சேராவிட்டால் பயணத்தை அடுத்த நாளுக்குத் தள்ளுவார்கள். இரண்டு, அருவியின் மேல்தளத்தில் மூடுபனி பிடித்தால் இறங்க முடியாது, பாதிவழியில் திரும்பும். ஒரே ஒரு நாளை ஒதுக்கியவர்கள் அருவியைப் பார்க்காமலேயே ஊர் திரும்புவது இப்படித்தான். வார இறுதியில் ஆள் சேர்வது எளிது. முதல் நாளே பதிந்து, தள்ளிப்போனால் போக இரண்டாவது நாளைக் காலியாக வையுங்கள்.

விமானம் கிளம்புவது டிமேரியில் உள்ள பெரிய நிலையத்திலிருந்து அல்ல, ஊருக்குக் கிழக்கே பத்து கிலோமீட்டர் தள்ளியுள்ள ஓகலிலிருந்து. டாக்சிக்காரரிடம் வெறும் "ஏர்போர்ட்" என்று சொன்னால் எதிர்த்திசையில் 41 கிலோமீட்டர் கூட்டிப் போய்விடுவார். ஏறும் முன் ஆளையும் பையையும் எடை போடுவார்கள், பை சின்னதாக இருக்கட்டும். ஒருவழி சுமார் ஒரு மணி நேரம், தரையில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். மூன்று காட்சி முனைக்கும் வழிகாட்டி கூட்டிப்போவார். வேலி கிடையாது, ஈரப்பாறை வழுக்கும். பெரிய புரோமீலியாச் செடியின் இலைக்கிண்ணத் தண்ணீரில் கட்டைவிரல் நகம் அளவு பொன்னிறத் தவளை இருக்கும், வழிகாட்டி காட்டாமல் கண்ணில் படாது.

காலம்: மே முதல் ஆகஸ்ட் நடு வரை பெருமழை, நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி வரை சிறுமழை. அருவி நிறைந்து விழுவது மழையில், விமானம் ஒழுங்காகப் பறப்பது வறண்ட மாதத்தில். இரண்டும் ஓரளவு ஒத்துவருவது ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர்.

கட்டுமூட்டை:

அப்போ "அருவிக்காகக் காத்திருக்கிற நேரத்துக்கு ஊரைப் பார்"ங்கறதுதானே? இதைத்தானே நானும் சொல்றேன். ஊருக்காகன்னு போக வேண்டியதில்லை!

பரமாரிபோ பற்றி யாருமே பதில் சொல்லலை.

நெய்தல்நாடன்:

சொல்கிறேன். பரமாரிபோ அழகு, மறுக்கவில்லை. ஆற்றோரத்து வெள்ளை மர வீடுகள் ஒழுங்காகப் பராமரிக்கப்பட்டவை, ஒரே தெருவில் யூதர் ஆலயமும் பள்ளிவாசலும் அடுத்தடுத்து நிற்கின்றன. நடந்து பார்க்க ஜார்ஜ்டவுனைவிடச் சுத்தம். ஜார்ஜ்டவுன் சிதிலமாகத்தான் இருக்கிறது. 1945 தீயில் ஒரு பெரும்பகுதி போனது, 2004 கிறிஸ்துமஸ் அன்று சேக்ரட் ஹார்ட் தேவாலயம் எரிந்தது, உமானா யானாவும் 2014இல் எரிந்து 2016இல் மறுபடி கட்டப்பட்டது. எண்ணெய்ப் பணம் வந்த பிறகு பழைய மரவீட்டை இடித்துக் கண்ணாடிக் கட்டடம் எழுப்புவது வேகமாகிவிட்டது. அதனால்தான் இப்போது போகச் சொல்கிறேன். பரமாரிபோ பத்து வருடம் கழித்தும் இருக்கும்.

இரண்டையும் சேர்க்க வழியும் உண்டு. விடியற்காலை நான்கு மணிக்கு மினிபஸ் ஓட்டலுக்கே வந்து ஏற்றிக்கொள்ளும், கோரன்டைன் ஆற்றங்கரை மோல்சன் கிரீக் வரை நான்கு மணி நேரம், பிறகு ஆற்றைக் கடக்கும் பெரிய படகு, அக்கரையில் சவுத் டிரெய்ன், அங்கிருந்து பரமாரிபோவுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல். படகை விட்டால் அன்றைய பயணம் போச்சு. அக்கரையில் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே ஓடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

வேர்த்தடம்:

அந்தச் சாலை கடந்துபோகும் பெர்பிஸ் பகுதியில் நமக்கு ஒரு தொடர்பும் இருக்கிறது. 1838 மே 5 அன்று விட்பி, ஹெஸ்பரஸ் என்ற இரு கப்பல்கள் கல்கத்தாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டுவந்து கயானாவில் இறக்கின. 1917 வரை ஏறக்குறைய 2,39,000 பேர். மிகப் பெரும்பாலோர் போஜ்புரி, அவதி பேசும் பகுதியினர், சென்னைத் துறைமுகம் வழி வந்தவர்கள் சிறுபான்மை. ஆனாலும் பெர்பிஸ் பக்கம் 'மதராசி' கோயில்களில் மாரியம்மன், காத்தேரி, மதுரைவீரன் வழிபாடு தப்பு மேளத்தோடு இன்றும் நடக்கிறது. முன்னாள் பிரதமர் மோசஸ் நாகமுத்து, கிரிக்கெட் வீரர் வீரசாமி பெருமாள் போன்ற பெயர்கள் அந்த வழி வந்தவை.

ஜார்ஜ்டவுனுக்குள்ளேயே கேம்ப் ஸ்ட்ரீட் பூங்காவில் விட்பி கப்பலின் வெண்கல நினைவுச் சின்னம் இருக்கிறது, கால் மணி நேரம் போதும். கோயிலுக்குப் போவதானால் பூசை பெரும்பாலும் ஞாயிறு. படம் எடுக்கும் முன் பூசாரியிடம் கேளுங்கள், சாமி வந்து ஆடுகிற நேரத்தில் கைப்பேசியை நீட்டுவது அங்கேயும் மரியாதைக்குறைவு. யாரும் தமிழில் பேசுவார்கள் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள்.

கட்டுமூட்டை:

இது நல்ல காரணம். ஆனா பெர்பிஸ் ஜார்ஜ்டவுன் இல்லை, இரண்டு மணி நேரம் தள்ளி. மறுபடியும் ஊருக்கு வெளியே!

என் கணக்கு இதுதான். ஊருக்கு ஒரு முழு நாள், அருவிக்கு ஒன்று, அருவி தள்ளிப்போனா ஒன்று. மூணாவது நாளை ஊருக்குன்னு எழுத மாட்டேன்.

மதகுக்காரன்:

ஒரே நாளில் ஏற்றத்தையும் வற்றத்தையும் வெளிச்சத்தில் பார்க்க முடியுமா என்பது நீங்கள் போகிற தேதியைப் பொறுத்தது. வற்றம் காலை ஏழு மணிக்கு என்றால் ஏற்றம் பிற்பகல் ஒரு மணி வாக்கில், அந்த நாளில் முடியும். வற்றம் காலை நான்கு மணிக்கும் அடுத்தது மாலை நாலரைக்கும் வருகிற நாளில் போனால், காலை நடை முழுக்க ஏறுகிற கடலில்தான். மாலை ஸ்டாப்ரூக் துறையிலிருந்து விரைவுப் படகில் அக்கரை வ்ரீடன்ஹூப் போய்த் திரும்புங்கள். சில நிமிடப் பயணம், சில்லறைக் காசு. வற்றத்தில் சந்தையின் பின்பக்கம் ஆற்றுக்குள் ஊன்றிய தூண்கள் வெளியே தெரியும். உயிர்காப்பு அங்கி கொடுக்காத படகில் ஏறாதீர்கள்.

அஞ்சறைப்பெட்டி:

தேதி என்று வந்ததால் சொல்கிறேன், பிப்ரவரி 23 மஷ்ரமானி, குடியரசு தின ஊர்வலம், ஊரே தெருவில். அந்த வாரம் அறை கிடைக்காது, இரண்டு மாதம் முன்பே பதியுங்கள். அதைவிட எனக்குப் பிடித்தது ஈஸ்டர் திங்கள். கடல் சுவர் நெடுக காற்றாடி விடுவார்கள், குடும்பம் குடும்பமாகப் பாய் விரித்து உட்கார்ந்திருப்பார்கள். ஈஸ்டர் வறண்ட மாதத்தில்தான் வரும், மழைத் தொல்லை குறைவு. அன்று கடை எல்லாம் மூடல், சனிக்கிழமையே போர்டா சந்தையில் பழம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டுமூட்டை:

ஈஸ்டர் வார விமானக் கட்டணம் எவ்வளவுன்னு பார்த்துட்டு வந்து மீதி சண்டையைப் போடறேன்.